வீட்டு ஸ்பீக்கரில் பணம் எங்கே போக வேண்டும்?

கல்முனைப் பக்கம் ஒரு சவுண்ட் கடையில் ஏறி, "வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வேணும்" என்று கேட்டால், திரும்பி வரும் முதற் கேள்வி "எத்தின வோட்ஸ்?" அடுத்தது "எத்தின இஞ்சி?" இரண்டும் கல்யாணப் பந்தலுக்குச் சரியான கேள்விகள். வீட்டு ஹோலில் கதிரையைப் போட்டு இருந்து நாகூர் ஹனிபாவையோ இளையராஜாவையோ கேட்கிறவருக்கு அவற்றால் பெரிய பயனில்லை. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வோட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி 85, 86 டெசிபல் வரும். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கக் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. வோட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகப் படவேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வோட் பத்து மடங்காக வேண்டும். 50 வோட் செட்டைக் கொடுத்துவிட்டு 100 வோட் செட் வாங்கியவர் கொஞ்சம் கூடினாற்போல் உணர்வார், அவ்வளவுதான்.

குறைந்த செலவில் நல்ல ஸ்பீக்கரை நாமே கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு உலகத்தில் நூறு வருடமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை எங்கள் சொறிக்கல்முனையின் வெக்கைக்கும் ஈரத்துக்கும், கல்முனைச் சந்தைக்கும், கொழும்பிலிருந்து வரும் பார்சலுக்கும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தென்படுவது ஒன்றுதான்: ஆட்கள் காசைக் கொட்டும் இடம் ஒன்று, சத்தத்தின் தரம் தீர்மானமாகும் இடம் வேறொன்று.

எங்கள் பகுதியின் காது ஹோர்னில் பழகியது. சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருவிழா, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம், கோயில் சடங்கு எதுவானாலும் தென்னையில் கட்டிய ஹோர்ன்தான் ஊருக்குச் செய்தி சொல்லும். ஒரு வோட்டுக்கு நூறு டெசிபலைத் தாண்டும் அந்தக் கருவி, பேச்சைத் தூரத்துக்கு அனுப்பப் பிறந்தது. அடித் தொனியும் மேல் தொனியும் அதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது இந்தத் தூரம் போகும் குணத்தால்தான். வீட்டுக்கான ஸ்பீக்கர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்ய வேண்டும்: மூன்று மீற்றருக்குள், எல்லாத் தொனியையும் ஒரே நிறையில் தரவேண்டும்.

அந்த வேலைக்கான கருவி 1925இல் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் றைஸ், எட்வர்ட் கெலொக் இருவரும் ஹோர்ன் இல்லாமல் கடதாசிக் கூம்பையும் அதன் அடியில் காந்தத்துக்குள் அசையும் செப்புச் சுருளையும் வைத்துச் செய்த ஸ்பீக்கரை அந்த வருடம் வெளிப்படுத்தினார்கள். இன்று கொழும்பு புறக்கோட்டையில் வாங்கும் வூஃபரும் உடலால் அதுதான். அதற்கு ஒரு குறை உண்டு. கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கக் காற்று இழுபடும். இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், பேஸ் என்பதே இருக்காது. பின்பக்கத்தை அடைக்க ஏதோ ஒன்று வேண்டும்.

தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளும் சலூன்களும் இதற்கு 80களிலும் 90களிலும் கண்ட விடை மண்பானை. பானையின் வாயில் ஸ்பீக்கரை மூடிபோல் வைத்துக் கட்டினால் பேஸ் பொங்கி வரும். படித்த ஹைஃபை ரசிகர்கள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. சிரிக்க அவ்வளவு காரணமில்லை. சுட்ட மண் விறைப்பானது, வளைந்த சுவர் பலகைபோல் அதிராது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹரி ஒல்சன் ஒரே ஸ்பீக்கரைப் பல வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து 1951இல் வெளியிட்ட முடிவில், கோள வடிவமே ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தது. கூரிய விளிம்புள்ள சதுரப் பெட்டி மோசமான பக்கத்தில் நின்றது. பானை கட்டிய சலூன்காரர் ஒல்சனைப் படித்ததில்லை, ஆனால் பாதி வழி சரியாகத்தான் போயிருக்கிறார். ஸ்பீக்கர் ஆளைப் பார்க்காமல் முகட்டைப் பார்ப்பது ஒரு பிழை. பானையின் கொள்ளளவுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் சம்பந்தமே இல்லாதது பெரிய பிழை.

கொள்ளளவுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. 1961வரை ஸ்பீக்கர் பெட்டி பெரும்பாலும் கைப்பழக்கத்தால் செய்யப்பட்டது. அந்த வருடம் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல், துளையுள்ள பெட்டியின் நடத்தையை மின்வடிகட்டிக் கணக்காக மாற்றிக் காட்டினார். 70களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் ஸ்மோல் அதை முழுமையாக்கினார். இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண் இருந்தால் அவை இவர்கள் தந்தவை. முதலாவது அதன் பரிவு மீடிறன், இரண்டாவது அது எவ்வளவு கட்டுக்குள் அதிர்கிறது என்பது, மூன்றாவது அதன் தொங்கலின் மென்மைக்கு ஈடான காற்றின் கனவளவு. மூன்றும் தெரிந்தால் பெட்டி தானாக வரும். 40 ஹேட்ஸ், 0.4, 30 லீற்றர் என்று எண்களுள்ள வூஃபருக்கு மூடிய பெட்டி வேண்டுமென்றால் 14 லீற்றர் போதும். பேஸ் 70 ஹேட்ஸ் அளவில் மெல்ல இறங்கத் தொடங்கும். பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் கீழே போகும், பாதியாக்கினால் ஒரே இடத்தில் 'தும் தும்' என்று முட்டும்.

துளைப் பெட்டி என்றால் ஹாட்வெயார் கடைத் தண்ணீர்க் குழாயே போதும். 20 லீற்றர்ப் பெட்டியை 45 ஹேட்ஸுக்குச் சுருதி சேர்க்க, உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் உள்ள பி.வி.சி. குழாயில் 11 சென்ரிமீற்றர் வெட்டினால் சரி. குழாய் நீளமென்றால் சுருதி இறங்கும், குட்டையென்றால் ஏறும். யாழ் நூலை எழுதிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன ஒரு வாத்தியத்தைச் சுருதிக் கணக்கால் மீட்க 1947வரை உழைத்தவர். அவர் பிறந்த ஊருக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, குழாயின் நீளத்தைக் கண்மட்டத்தில் வெட்டுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சந்தையில் கிடைக்கும் ஸ்பீக்கர்களில் பாதிக்கு அந்தத் தாள் வராது. வந்தாலும் நம்ப முடியாது. வீட்டில் அளக்கலாம், செலவு மிகக் குறைவு. அம்ப்ளிஃபயரிலிருந்து 1,000 ஓம் தடை ஒன்றின் வழியாக ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுத்து, போனிலுள்ள தொனி எழுப்பும் செயலியை 20 ஹேட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு, ஸ்பீக்கரின் இரு முனையிலும் மல்டிமீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். வோல்ற்றளவு ஓரிடத்தில் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த உச்சியே பரிவு மீடிறன். 50 என்று வைப்போம். பிறகு நகைக்கடைத் தராசில் சரியாக 10 கிராம் நிறுத்த களிமண்ணைக் கூம்பின் நடு மூடியைச் சுற்றிப் பிசைந்து ஒட்டி மறுபடி அளந்தால் உச்சி 40க்கு இறங்கியிருக்கும். 50ஐ 40ஆல் வகுத்து, வர்க்கித்து, ஒன்றைக் கழித்து, 10ஐ அதனால் வகுத்தால் வருவது 17.8. அசையும் பாகத்தின் நிறை அவ்வளவு கிராம். இதிலிருந்து மற்ற எண்களுக்குப் போக உயர்தரப் பௌதிகம் படித்த ஒரு பிள்ளை போதும். றூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் கணினியின் சவுண்ட் கார்டை வைத்தே எல்லாவற்றையும் செய்தும் தரும்.

எந்த ஸ்பீக்கரை வாங்குவது? எங்களுக்கு மூன்று வழி. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பிப்பது, வாகன ஸ்பீக்கர் வாங்குவது, பழைய செட்டைப் பிரிப்பது. நான்காவது வழி, வெளிநாட்டிலிருந்து நேரே எடுப்பிப்பது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. இப்போதும் பார்சல் செலவும் வரியும் சேர்ந்தால் ஸ்பீக்கரின் விலையைத் தின்றுவிடும்.

வாகன ஸ்பீக்கரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓட்டோவிலும் வேனிலும் கேட்டு மயங்கியவர்கள் அதையே மரப்பெட்டிக்குள் போடுகிறார்கள். கதவுக்குள் போடும் ஆறரை இஞ்சி ஸ்பீக்கர் பெரும்பாலும் கதவின் பெரிய வெளியை எண்ணிச் செய்தது, கியூ உயர்ந்தது. 10 லீற்றர்ப் பெட்டியில் அது அடக்கமில்லாமல் முழங்கும். திறந்த பலகையில், பின்பக்கத்தை அடைக்காமல் பெரிய பலகையொன்றில் பொருத்தினால் அதுவே வியக்கும்படி பாடும். பழைய செட்டைப் பிரிப்பவர்கள் விளிம்பைப் பார்க்க வேண்டும். கூம்பின் விளிம்பு ஃபோமில் இருந்தால் எங்கள் ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது விரல் பட்டாலே உதிரும். றப்பர் விளிம்பும் துணி விளிம்பும் நிற்கும். முன்பக்கத்து லேபிளையும் காந்தத்தில் ஒட்டிய வோட்டுக் கணக்கையும் நான் பார்ப்பதே இல்லை.

இங்கே ஹொஃப்மனின் இரும்பு விதி குறுக்கே நிற்கும். கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான அன்ரன் ஹொஃப்மன் பெயரால் வழங்கும் அந்த விதிப்படி, ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்னில் கூடிய சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். மூன்றும் தருவதாகச் சொல்லும் கடைக்காரர் ஒன்றை மறைக்கிறார். சிக்கனமாகக் கட்டுபவர் பேஸின் கடைசிப் படியை விட்டுக்கொடுப்பதே புத்தி. றபானின் அடி, மிருதங்கத்தின் தொப்பி, ஆண்குரலின் அடித்தளம் எல்லாம் 70 ஹேட்ஸுக்கு மேலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். 30 ஹேட்ஸ் வேண்டுவது சினிமாக் குண்டுவெடிப்புக்கும் சில புதிய பாட்டுகளுக்கும்தான்.

பலகையில் ஆட்கள் செலவழிக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. கண்ணுக்குத் தெரிவது அதுதான். தேக்கிலும் முதிரையிலும் பெட்டி செய்து காட்டியவர்கள் உண்டு. பார்க்க அழகு, ஆனால் தனிமரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், மூலை விடும். எம்.டி.எஃப். கனமானது, மலிவானது, வெட்டச் சுகமானது. கிட்டங்கித் தாம்போதி வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து நிற்கும் மார்கழி மாதத்தில் அதன் அடிவிளிம்பு பாண் மாதிரி ஊதிப்போகும். விளிம்பெல்லாம் பசையும் பெயின்றும் இழுத்து அடைத்தால் தாங்கும். என் தெரிவு நல்ல பிளைவுட். மரக்காலையிலேயே பலகை வெட்டும் இயந்திரத்தில் எல்லாத் துண்டையும் ஒரே அமைப்பில் வெட்டுவித்துக்கொண்டால் ஓடாவியாருக்கு அரைநாள் வேலை. கையால் அறுத்த பெட்டியில் காற்றுக் கசியும் இடைவெளிதான் முதல் எதிரி.

தடித்த பலகைதான் நல்லது என்பதும் முழுச் சரியில்லை. பி.பி.சி. ஆய்வுப் பிரிவின் ஹாவுட் 1977 அறிக்கையில் மெல்லிய பலகையும் அதன் உட்புறம் ஒட்டிய அதிர்வடக்கும் பூச்சும் சேர்ந்தால், தடித்த வெறும் பலகையைவிட அதிர்வு காதுக்குக் குறைவாகவே எட்டுகிறது என்று காட்டினார். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ச் சீட் இதற்குப் போதும். வார்ஃபடேல் நிறுவனர் கில்பேட் பிறிக்ஸ் இன்னொரு வழி போனார்: இரு மெல்லிய பலகைக்கு நடுவே மணல் நிரப்பினார், மூலையில் செங்கல்லாலேயே பெட்டி கட்டினார். எங்களூரில் மேசன்மார் மலிவு, மணல் பக்கத்தில், வீடு மாறும் பழக்கம் குறைவு. சுவரோடு சேர்த்துக் கட்டும் பேஸ் பெட்டியை ஏன் யாரும் இங்கே முயல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாகப் போட்டால் போதும். முன்னால் மூட மருதமுனைக் கைத்தறியின் மெல்லிய நெசவு எடுக்கலாம். துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சுத் தடையின்றிப் போகவேண்டும், அவ்வளவே சோதனை.

இனித்தான் உண்மையான இடம். அடித் தொனிக்கான வூஃபரையும் மேல் தொனிக்கான ட்வீற்றரையும் பிரிக்கும் குரோஸ்ஓவர். பெட்டியில் தேக்குப் போட்டவர் இதற்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் பலகையொன்றை வாங்கி ஒட்டியிருப்பார். அந்தப் பலகை எந்த ஸ்பீக்கருக்கும் உரியதல்ல. எல்லா மீடிறனிலும் 8 ஓம் நிற்கும் ஸ்பீக்கர் உலகத்தில் இல்லை. 8 ஓம் என்று எழுதிய ட்வீற்றர் ஓரிடத்தில் 5, இன்னோரிடத்தில் 15 காட்டும். பிரிப்பு நடப்பதோ பெரும்பாலும் 2,000 ஹேட்ஸுக்கும் 4,000 ஹேட்ஸுக்கும் நடுவில், எழுத்தொலிகளின் தெளிவு தங்கியிருக்கும் இடத்தில், காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில். அங்கே வரும் பள்ளமோ மேடோ ஒவ்வொரு வார்த்தையிலும் கேட்கும்.

அடுத்த குற்றவாளி முகப்பின் அகலம். 20 சென்ரிமீற்றர் அகலப் பெட்டியில் 575 ஹேட்ஸுக்குக் கீழே போகப் போகச் சத்தம் பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும். முன்னால் 6 டெசிபல்வரை குறையும். குரல் மெலிந்து, 'ச'வும் 'ஸ'வும் குத்தும். இதைக் கேட்டவர் "பேஸ் காணாது" என்று சொல்லிப் பன்னிரண்டு இஞ்சி சப் வூஃபர் வாங்கப் போகிறார். அவருக்குத் தேவைப்பட்டது தக்க அளவுச் செப்புச் சுருளொன்று. சுவரோடு ஒட்டி வைப்பவருக்கு அறையே கொஞ்சத்தைத் திருப்பித் தரும்; அதனால் 3, 4 டெசிபல் சரிக்கட்டினால் போதும்.

பாகங்களுக்கு எங்கள் ஊரிலேயே நல்ல வழி உண்டு. மோட்டர் சுற்றும் கடையில் எனமல் பூசிய செப்புக் கம்பி நிறைக் கணக்கில் வாங்கலாம். சுருளை வீட்டில் சுற்றி, மீற்றரில் அளந்து, கூடினால் சில சுற்றைக் கழற்றலாம். சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் பெரும்பாலும் பொலிப்புறொப்பிலீன் படலத்தில் செய்தது. ஹைஃபைக் கடையில் பலமடங்கு விலைக்கு விற்பதும் அதே இனம். இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 5 மைக்ரோஃபரட், 8 ஓமுக்குக் கணக்குப்படி 4,000 ஹேட்ஸ். அளவு கொஞ்சம் பெரிது, பெட்டிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் எந்தப் பெறுமானத்தைப் போடுவது என்பதுதான் அறிவு. அதற்கு மைக் வேண்டும், வளைவு பார்க்க வேண்டும், விற்றுயிக்ஸ்காட் போன்ற இலவச மென்பொருளில் நாட்கணக்கில் இருக்க வேண்டும். சரிபார்த்த யூ.எஸ்.பி. மைக் நூறு டொலர் அளவில் வரும். சோடி ஒன்றுக்காக அதை வாங்குவது பைத்தியம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வைத்திருப்பது நியாயம். தனியாளுக்கு நான் சொல்வது, ஒருவர் அளந்து முடித்த வரைபடத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் கட்டுங்கள். போல் கார்மொடியின் 'ஓவர்நைட் சென்சேஷன்' போல், நாலு இஞ்சி வூஃபரும் சின்ன ட்வீற்றரும் கொண்ட மலிவு வடிவங்கள் இலவசமாகவே உண்டு. வூஃபர் கிடைக்கவில்லை என்று "அதே சைஸில்" வேறொன்றைப் போட்டால் அந்த வரைபடம் அத்தோடு செத்தது.

குரோஸ்ஓவரே தரத்தைத் தீர்மானிக்கும் என்பதற்குச் சாட்சி, பி.பி.சி. 70களில் ஒலிபரப்பு வேனுக்குள் வைக்கச் செய்த எல்.எஸ். 3/5ஏ. ஐந்து லீற்றர் அளவு மூடிய பெட்டி, 12 மில்லிமீற்றர்ப் பிளைவுட், கே.ஈ.எஃப். நிறுவனத்தின் ஐந்து இஞ்சி வூஃபரும் 19 மில்லிமீற்றர் ட்வீற்றரும். 83 டெசிபல்தான், ஆழமான பேஸ் கிடையாது. மனிதக் குரலுக்கு ஐம்பது வருடமாக அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதன் பெட்டியில் எந்த மாயமும் இல்லை. பொறியியலாளர்களின் காலம் போனது பெரும்பாலும் குரோஸ்ஓவரில். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃப்ளொயிட் டூல் 80களில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்து ஆட்களைக் கேட்கச் செய்த சோதனைகளும் இதையே காட்டின: வளைவு தட்டையாகவும், பக்கவாட்டில் போகும் சத்தமும் ஒழுங்காகவும் உள்ள ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தெரிவுசெய்தார்கள். திரையை நீக்கி, விலையும் உருவமும் தெரிந்ததும் தீர்ப்பு மாறியது என்பதை அவரும் ஷோன் ஒலிவும் 1994இல் எழுதினார்கள்.

அறையை மறந்தால் இதெல்லாம் வீண். நாலுக்கு ஐந்து மீற்றர், மூன்று மீற்றர் உயரம், சிமெந்துப் பூச்சு, டைல் தரை, பூட்டிய ஜன்னல்: கனவளவு 60 கனமீற்றர், சுவர், தரை, முகடு எல்லாம் 94 சதுர மீற்றர், அதில் சத்தத்தைக் குடிப்பது மூன்று வீதம்கூட வராது. ஹாவர்ட் பேராசிரியர் வொலஸ் சபைன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ட சூத்திரப்படி அங்கே ஒரு கைதட்டு மூன்று விநாடிக்கு மேல் சுழலும். இசைக்கு அரை விநாடி அளவு நல்லது. அதற்கு 19 சதுர மீற்றர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சபைன் தன் அலகாக எடுத்தது திறந்த ஜன்னலை, ஏனென்றால் வெளியே போன சத்தம் திரும்பி வராது. எங்கள் வீட்டில் இரு ஜன்னலும் ஒரு கதவும் திறந்திருந்தாலே ஐந்து, ஆறு சதுர மீற்றர் காசில்லாமல் வந்துவிடும். மிச்சத்துக்குத் தடித்த திரைச்சீலை, பாய், கம்பளம், புத்தக அலுமாரி, குந்தியிருக்கும் ஆட்கள். ஏசி போட்டு எல்லாவற்றையும் பூட்டிய புது வீடுகளில்தான் நல்ல ஸ்பீக்கரும் கத்துவதாகக் கேட்கிறது.

ஆக, செலவு குறையுமா? மிகச் சிறிய சோடியில் குறையாது. தொழிற்சாலை இலட்சக்கணக்கில் செய்யும் விலைக்குக் கீழே தனியாள் போக முடியாது. ஆறரை இஞ்சி வூஃபரும் நல்ல ட்வீற்றரும் கொண்ட நடுத்தர அளவில்தான் சொந்தக் கை வெல்லும். அங்கே கடை விலையில் பெரும்பங்கு கப்பல், வரி, பெட்டியின் பளபளப்பு, இடைத்தரகர் ஆகியவற்றுக்குப் போவது. அந்த நான்கையும் மரக்காலையும் ஓடாவியாரும் கழித்துவிடுகிறார்கள். என்னிடம் யோசனை கேட்டால், பாதிக்கு மேல் ஸ்பீக்கர் அலகுகளுக்கு, மிச்சத்தில் பெரிய பங்கு குரோஸ்ஓவருக்கு, பலகைக்குக் கடைசி இடம். தடித்த ஸ்பீக்கர் வயருக்குப் பூச்சியம்: மூன்று மீற்றர் தூரத்துக்கு வீட்டு மின் வயரே மேலதிகம்.

இந்தக் கணக்கும் நெடுநாள் நிற்காது. எல்.ஏ. 4440, டி.டி.ஏ. 2030 பலகைகளை ஈயம் உருக்கி ஒட்டிப் பழகிய தலைமுறைக்குப் பின், உள்ளங்கையளவு டி.பி.ஏ. 3116 அம்ப் பலகைகள் வந்துவிட்டன. வூஃபருக்கு ஒன்று, ட்வீற்றருக்கு ஒன்று என்று தனித்தனி அம்ப் கொடுத்து, பிரிக்கும் வேலையைச் சின்ன டி.எஸ்.பி. சில்லிடம் விட்டால் சுருளும் கப்பாசிற்றரும் பெரும்பாலும் தேவையற்றுப் போகின்றன; பிழைத்த பெறுமானத்தை ஈயம் உருக்காமல் கணினியிலேயே திருத்தலாம். செப்பு விலை ஏறும் வேகத்தில், நல்ல தடித்த சுருள் இரண்டின் விலைக்கு அந்தப் பலகைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ட்வீற்றரோடு தொடராக ஒரு ஃபேன் கப்பாசிற்றரை மட்டும் அப்போதும் விட்டுவைக்க வேண்டும். அம்ப் பழுதாகி நேர்மின் பாய்ந்தாலும், போடும்போது 'டப்' என்று அடித்தாலும், தலைமயிரளவுச் சுருள் எரியாமல் காப்பது அது.